பள்ளி வழியே வந்த கொசுவலை

1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். பகைவன் யார் என்பது அன்றே தெளிந்தது; ஆயினும் காப்பு ஏழையின் குடிசையை எட்ட நெடுங்காலம் பிடித்தது.

டான்சானியா நாட்டை நோக்குவோம். 2011-ஆம் ஆண்டளவில் அங்கு வீடுதோறும் கொசுவலை வழங்கப்பெற்றது. வலையோ சில ஆண்டுகளில் கிழியும். அதில் ஊட்டிய மருந்தும் வீரியம் குன்றும். மீண்டும் வழங்குவது எங்ஙனம்? 2013-இல் லிண்டி, ம்ட்வாரா, ருவூமா என்னும் தென்பகுதிகளில் பள்ளிகளே அதற்கு வழியாயின. ஆண்டுதோறும் குறிப்பிட்ட வகுப்பு மாணவர் வலைகளை வீட்டிற்குக் கொண்டு சென்றனர்.

பள்ளிப் பிள்ளை இல்லாத வீடு என்னாவது? கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மருத்துவ நிலையங்கள் வாயிலாகவும் பின்னர் வலைகள் தரப்பட்டன. அறிஞர் கண்டதை வாசல் சேர்த்தவர் சிறுவர் என்பதை நாம் மறத்தலாகாது.