கரப்பானும் சதிகாரரும்: ருவாண்டா இனப்படுகொலையும் மனிதத்தன்மை மறுப்புக் கோட்பாட்டின் எல்லையும்

ஓர் இனக்குழு மற்றொன்றைக் கொன்றொழிக்க முனையும்போது, கொல்பவர்கள் தம் எதிரில் நிற்பவர்களை மனிதர்களாகவே கருதுவதில்லை என்பது சமூக உளவியலில் அரை நூற்றாண்டாக நிலைபெற்றுள்ள விளக்கமாகும். ஹெர்பர்ட் கெல்மன் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், வன்முறைக்கு எதிரான அறத்தடைகள் மூன்று வழிகளில் தளர்வதாகக் குறிப்பிட்டார்: மேலிடத்து ஆணை பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது, கொலை அன்றாட அலுவலாக மாறுகிறது, பலியாவோரின் மனிதத்தன்மை பறிக்கப்படுகிறது. இம்மூன்றாவதே மனிதத்தன்மை மறுப்பு எனப்படுவது. அதாவது, ஒரு குழுவினருக்குத் தனித்த முகமும் எண்ணமும் நோவும் உண்டு என்பதை ஏற்காமல் அவர்களை அறத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்துதல். ருவாண்டாவில் 1994 ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் நடந்தேறிய டுட்சி இனப்படுகொலை இக்கோட்பாட்டிற்கு ஐயத்திற்கிடமற்ற சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். எனினும், கூர்ந்து நோக்குமிடத்து, அந்நிகழ்வு கோட்பாட்டை உறுதிப்படுத்துவதைக் காட்டிலும் அதன் எல்லையையே புலப்படுத்துகிறது.

கோட்பாட்டிற்கு ஆதரவான ஆய்வகச் சான்றுகளை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆல்பர்ட் பண்டூராவும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் வெளியிட்ட சோதனையில், மின்னதிர்ச்சியால் பிறரைத் தண்டிக்கும் பொறுப்பேற்றோர், தண்டிக்கப்படுவோரை விலங்கனையவர்கள் என ஒருவர் இழித்துரைப்பதைக் கேட்க நேர்ந்தபோது கூடுதலான அதிர்ச்சியைத் தேர்ந்தனர். ஜாக்-பிலிப் லெயன்ஸின் ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை: அச்சம், சினம் போன்று விலங்குகளுக்கும் பொதுவான உணர்ச்சிகளை எல்லாக் குழுவினருக்கும் ஒப்புக்கொள்ளும் மக்கள், கழிவிரக்கம், ஏக்கம் போன்று மனிதர்க்கே உரியனவாகக் கருதப்படும் உணர்வுகளைத் தம்மவர்க்கே மிகுதியாக வழங்குகின்றனர், இதற்குப் பகைகூடத் தேவையில்லை. நிக் ஹாஸ்லம் 2006-இல் பிறரை விலங்காகக் காண்பதையும் உணர்வற்ற பொறியாகக் காண்பதையும் இரு வேறு வகைகளாகப் பிரித்தார். ருவாண்டாவுடன் இணைத்துப் பேசப்படுவது முதல் வகையே.

1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி டுட்சிகளை ‘இன்யென்சி’, அதாவது கரப்பான்கள், என ஓயாது அழைத்தது. அப்பெயர் வானொலி புதிதாகப் புனைந்ததன்று. 1960-களில் எல்லை கடந்து வந்து தாக்கிய டுட்சி அகதிப் போராளிகளுக்கு முன்பே வழங்கியதாகும். ஆகவே, அருவருப்புடன், ஆயுதமேந்தி ஊடுருவும் எதிரியைப் பற்றிய அச்சமும் அதில் உடனுறைந்தது. மேலும், இவ்வானொலியும் ‘கங்குரா’ இதழும் டுட்சிகளைச் சூழ்ச்சியில் வல்லவர்கள் என்றும், பெரும்பான்மை இனத்தவரான ஹுட்டுகளை மீண்டும் அடிமைப்படுத்தத் திட்டமிடுவோர் என்றும் சித்திரித்தன. பூச்சிகள் ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிடுவதில்லை. அக்குற்றத்தைச் சுமத்துவதற்கு எதிராளியிடம் நோக்கமும் நினைவும் வஞ்சமும் கொண்ட முழு மனித மனம் இருப்பதாக முதலில் ஏற்றாக வேண்டும்.

செயல்களும் இதையே உணர்த்துகின்றன. அருஷாவில் இயங்கிய பன்னாட்டுத் தீர்ப்பாயம் 1998 செப்டம்பரில் தாபா வட்டாரத் தலைவர் ழான்-பால் அகாயேசுவைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்தபோது, டுட்சிப் பெண்கள் மீதான பாலியல் வன்முறையை இனப்படுகொலையின் ஒரு பகுதியாக ஏற்றது. பலர் முன்னிலையில் ஒரு பெண்ணை இழிவுபடுத்துபவன், அவளுக்கு நாணமும் தன்மதிப்பும் உண்டு என்பதை அறிந்தே அதைச் செய்கிறான். அறியாதவனுக்கு அச்செயலில் ஆதாயமில்லை. மெய்யியலாளர் கேட் மான் பெண்வெறுப்பு குறித்து முன்வைத்துள்ள இவ்வாதம் ருவாண்டாவுக்கும் முற்றிலும் பொருந்தும். சிறையிலிருந்த கொலையாளிகள் இருநூற்றுக்கும் மேற்பட்டோரைச் சந்தித்த ஸ்காட் ஸ்ட்ராஸ், அவர்களைச் செலுத்தியவை பெரும்பாலும் போர்க்கால அச்சமும் உடனிருந்தோரின் நெருக்குதலும் அரசாணைக்குப் பணிதலுமே என்று கண்டார். தெரிந்த டுட்சி ஒருவரைக் காப்பாற்றிவிட்டு மற்றொருவரைக் கொல்லச் சென்றவர்களை லீ ஆன் ஃபுஜி பதிவு செய்துள்ளார். அத்தகையோரின் நடத்தையை ஒரு குழு முழுவதையும் பூச்சியாகக் காணும் மனநிலை விளக்காது.

இழிமொழிக்கு வேலையே இல்லை என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது. வானொலி அலை எட்டிய ஊர்களையும் எட்டாதவற்றையும் ஒப்பிட்ட டேவிட் யானகிசாவா-ட்ரொட், படுகொலையில் மக்கள் பங்கேற்றதில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை அவ்வொலிபரப்புக்கு உரியதாக 2014-இல் மதிப்பிட்டார். அது சிறிதன்று, ஆயினும், அந்த விளைவை உண்டாக்கியது கரப்பான் என்ற சொல்லா, சதி பற்றிய எச்சரிக்கையா, அரசே கொலையை ஆதரிக்கிறது என்ற செய்தியா என்பதை அக்கணக்கைக் கொண்டு பிரித்தறிய முடியாது. இங்கு 2017-இல் தேஜ் ராயும் உடன் ஆய்வாளர்களும் கண்ட வேறுபாடு பெரிதும் உதவுகிறது: பொருளுக்காகவோ பயனுக்காகவோ பிறரைத் துன்புறுத்துவதை மனிதத்தன்மை மறுப்பு எளிதாக்குகிறது, தண்டனைக்குரியவரைத் தண்டிக்கிறோம் என்ற அறச்சீற்றத்தால் எழும் வன்முறையை அது கூட்டுவதில்லை. டுட்சி அயலாரின் மாட்டையும் நிலத்தையும் கவர்ந்தவனுக்கு முன்னது பொருந்தலாம். நாட்டைக் காக்கிறோம் என்று நம்பிச் சாலைத் தடுப்பில் நின்றவனுக்குப் பகைவன் மனிதனாக இருந்தாக வேண்டும். பூச்சியின்மீது குற்றம் சாட்ட முடியாது.

எனவே, வரவிருக்கும் படுகொலையை முன்னறிய விரும்புவோர் விலங்குப் பெயர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது போதாது; சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளையும் கவனிக்க வேண்டும். 1990 அக்டோபரில் டுட்சி அகதிகளின் படை உகாண்டாவிலிருந்து நுழைந்ததும், ஆயிரக்கணக்கானோர் ‘இபியித்சோ’, அதாவது எதிரிக்கு உடந்தையானோர், என்ற குற்றச்சாட்டின் பேரில் சிறையிடப்பட்டனர். உடந்தை என்பது மனிதர் மட்டுமே செய்யக்கூடிய குற்றம்; அதில் சிக்குவதற்கு டுட்சியாகப் பிறந்திருக்க வேண்டியதும் இல்லை. 1994 ஏப்ரல் 7 காலையில் முதலில் கொல்லப்பட்டோருள் ஒருவரான பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானா ஒரு ஹுட்டு.