‘முடியும்’ வந்த வழி

ஜப்பானிய மொழி கற்பவர்களை ஒரு கட்டத்தில் படுத்தி எடுக்கும் விகுதி ‘ரரெரு’. ‘தபெரரெரு’ என்றால் ‘சாப்பிட முடியும்’. ‘சாப்பிடப்படும்’ என்பதற்கும் அதுவே. மதிப்புக்குரிய ஒருவர் ‘சாப்பிடுகிறார்’ என்பதற்கும் அதுதான். ஒரே ஃபங்ஷனுக்குள் மூன்று வேலையைத் திணித்தது யார் என்று மென்பொருள்காரர்களுக்குக் கேட்கத் தோன்றும். யாரும் திணிக்கவில்லை, ஒரே விதையிலிருந்து கிளைத்தவை என்பதுதான் வரலாறு தரும் பதில்.

8ஆம் நூற்றாண்டின் நாரா காலத்து மொழியில் இதன் இடத்தில் இருந்தது ‘யு’. ஹெய்ஆன் காலத்தில் ‘ரு’, ‘ரரு’ வந்தன. இவற்றின் ஆதிப்பொருள் ‘என் முயற்சியின்றித் தானாக நிகழ்வது’ என்பது பரவலான கருத்து. பழைய ‘யு’ இன்றும் ‘மியெரு’, ‘கிகொஎரு’ என்ற வினைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் ‘மலை தெரிகிறது’, ‘பாட்டு கேட்கிறது’ என்கிறோமே, அதேதான்.

இன்னொருவரால் எனக்கு நிகழ்ந்தால் செயப்பாட்டுவினை. பெரியவர் செய்ததை, நிகழ்ந்ததுபோலப் பட்டும்படாமல் சொன்னால் மரியாதை. நிகழ வேண்டியது நிகழாவிட்டால் இயலாமை. ஹெய்ஆன் இலக்கியத்தில் இந்தக் கடைசிப் பொருள் பெரும்பாலும் எதிர்மறையோடுதான் வருகிறது. தூக்கம் வரவில்லை, அதாவது தூங்க முடியவில்லை. ‘முடியும்’ என்ற உடன்பாட்டு வழக்கு காமகுரா காலத்திலிருந்துதான் தெளிவாகத் தென்படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் கென்கோ எழுதிய ‘த்சுரெசுரெகுசா’வில் அதைக் காணலாம். ஆக, இந்த விகுதியைப் பொறுத்தவரை ‘முடியாது’தான் மூத்தது.

முரோமாச்சி காலத்தில் இன்னொரு பாதை திறந்தது. ‘யொமு’ (படி) என்பதிலிருந்து ‘யொமெரு’ (படிக்க முடியும்) வகை வினைகள் முளைத்தன. ‘யொமரெரு’ குறுகியது என்பார்கள் சிலர். ‘பெறு’ என்னும் பொருளுள்ள ‘எரு’ சேர்ந்தது என்பார்கள் வேறு சிலர். ‘கிரு’ (வெட்டு), ‘கிரெரு’ (அறுபடு) போன்ற இணைகளைப் பார்த்து உருவானது என்பது மூன்றாவது விளக்கம். எனக்கு இதுவே பொருந்துவதாகப் படுகிறது. அறுபடுவதால்தானே வெட்ட முடிகிறது! இங்கேயும் அடியில் கிடப்பது ‘தானாக’. போர்ச்சுகீசிய இயேசு சபையினர் ரொட்ரிகெஸ், 1604-08இல் நாகசாகியில் அச்சான தன் இலக்கண நூலில் இவ்வகை வினைகளைக் குறித்திருக்கிறார். எடோ காலத்தில் இவை பரவின. பின்னர் பொதுமொழியில் ‘படிக்க முடியும்’ என்பதற்கு ‘யொமரெரு’ ஏறக்குறைய வழக்கொழிந்தது.

20ஆம் நூற்றாண்டில் ‘மிரரெரு’ (பார்க்க முடியும்) ‘மிரெரு’ ஆனது. ‘ர’வை விழுங்கிவிட்டார்கள் என்று இலக்கணக்காரர்கள் கடிந்துகொண்டார்கள். பேட்டியில் ஒருவர் இப்படிப் பேசினால், தொலைக்காட்சியின் எழுத்துவரியில் ‘ர’ திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உற்றுப் பார்த்தால், ‘யொமரெரு’ ‘யொமெரு’ ஆனபோது காணாமல் போன அதே ‘அர்’ ஒலிதான் இங்கேயும் போயிருக்கிறது. முன்னது இலக்கணம், பின்னது பிழையா? போதாததற்கு, ‘மிரெரு’வுக்குச் செயப்பாட்டுப் பொருளோ மரியாதைப் பொருளோ கிடையாது. ஆயிரம் ஆண்டுக் குழப்பத்தில் ஒரு முடிச்சைப் பேசுபவர்களே அவிழ்த்திருக்கிறார்கள்.

ஜப்பானியப் பண்பாட்டு முகமையின் 2015ஆம் நிதியாண்டுக் கணக்கெடுப்பில் ‘மிரெதா’ என்பவர்கள் 48.4 சதவீதம், ‘மிரரெதா’ என்பவர்கள் 44.6 சதவீதம். ‘பிழை’ முந்தியது அதுவே முதல் முறை. கண்டிப்பவர்கள் காக்க நினைக்கும் ‘ரரெரு’வும் ஒரு காலத்தில் ‘யு’வைத் தள்ளிவிட்டு வந்ததுதான். யாரும் உட்கார்ந்து முடிவுசெய்யவில்லை. அந்த விகுதியின் ஆதிப்பொருளைப் போலவே, இதுவும் தானாக நிகழ்ந்தது.