மாத்தளைக் கிளர்ச்சியும் பொது அறமும்

அறம் என்பது வீட்டுக்கு ஒன்றும் நாட்டுக்கு ஒன்றுமாக இருத்தல் கூடாது. இல்வாழ்வானுக்கு அறம் உரைத்த வள்ளுவரே அரசனை நோக்கிக் கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தையும் வகுத்தார். ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருங்கே ஏற்கும் அறம் இல்லாதவிடத்துச் சட்டம் வெறும் வலிமையாகவே நிற்கும். இவ்வுண்மைக்கு 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சி தக்க சான்றாகும்.

கண்டி மன்னர் காலத்தில் இராசகாரியம் என்னும் ஊழியமுறை நிலவியது. குடிகள் நிலம் பெற்று, அதற்கீடாக ஊழியஞ் செய்தனர். அம்முறையில் இன்னல்கள் பல இருந்தன. ஆயினும், பெறுதலும் கொடுத்தலும் இருதிறத்தாரையும் பிணித்தன. பிரித்தானியர் 1832இல் அதனை ஒழித்தனர். பின்னர், கோப்பி விலை வீழ்ந்து அரசிறை குன்றியபோது, தேசாதிபதி டொறிங்டன் பிரபு புதிய வரிகளை விதித்தார். துவக்குக்கு இரண்டரைச் சிலின். நாய்க்கு ஒரு சிலின். கடைக்கு ஒரு பவுண். தெருச் சட்டமோ ஆண்டில் ஆறு நாள் வேலை, அன்றேல் மூன்று சிலின் கேட்டது. துறவிகளாகிய பிக்குகளுக்கும் முதலில் விலக்களிக்கப்படவில்லை. பயிரைக் காத்த துவக்கும் வாயிலைக் காத்த நாயும் கச்சேரிக் கணக்கில் ஏறின. நிலந் தராது ஊழியம் மட்டுங் கேட்ட அரசு, குடியானவனுக்கு அந்நியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

யூலை மாத இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு முதலியோர் மாத்தளையைத் தாக்கினர். அரச கட்டடங்கள் சூறையாடப்பட்டன. சூறையாடுதல் அறமன்று. ஆயின், கிளர்ச்சி சின்னாட்களில் அடங்கிய பின்னும் இராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் 18 பேர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுடப்பட்டார். அதே மாதத்தில் குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். அவர் குற்றவாளியல்லர் எனக் கருதிய வழக்கறிஞர் முறையிட்டும் பயனில்லாதொழிந்தது. இராணுவச் சட்டம் நிலவிய அக்காலத்திலேயே பிரதம நீதியரசர் சேர் அந்தனி ஒலிபன்ட் கண்டியில் வழக்குகளை விசாரித்து, குற்றவாளிகளாகக் காணப்பட்டோர்க்கும் இரக்கங் காட்டுமாறு வேண்டினார். ஒரே ஊரில், ஒரே குற்றத்துக்கு, இருவகை நீதி நடந்தது.

இதனைக் கண்டித்தவர் கண்டிநாட்டார் மட்டுமல்லர். 'கொழும்பு ஒப்சேவர்' ஆசிரியரும் வைத்தியருமான எலியட், ஐரோப்பியராயிருந்தும் அரசின் செயலை வன்மையாக எதிர்த்தெழுதினார். பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவும் விசாரணை நடாத்தியது. டொறிங்டன் பிரபு அந்நாட் பிரதம மந்திரி ஜோன் றசல் பிரபுவின் உறவினர். ஆயினும் 1850இல் மீள அழைக்கப்பட்டார். குடும்ப உறவு, பொதுப் பதவியின் பொறுப்பை மறைக்க வல்லதாகவில்லை.

எனினும், மாண்டவர் மீண்டாரல்லர். காலந்தாழ்ந்து வந்த நீதி, அறத்தின் வெற்றியன்று, அதன் கண்டனமேயாம். நீதியரசரும் பத்திராசிரியரும் தம் மனச்சாட்சியைப் பதவிக்கும் இனத்துக்கும் விட்டுக்கொடுத்தாரல்லர். தேசாதிபதியும் அவ்வாறே நின்றிருப்பின், மாத்தளை மண் அத்துணை இரத்தத்தைக் கண்டிராது. வீட்டில் இரக்கமுடையவன் அலுவலகத்தில் அதனைக் கழற்றிவைப்பானாயின், அவன் இயற்றுஞ் சட்டத்தை மக்கள் அஞ்சுவரேயன்றி மதியார்.