மாசிக்காய்: காய் அல்ல, குளவியால் உருவாகும் முடிச்சு

தோட்டப்புற வீடுகளில் கைக்குழந்தைக்கு மருந்து உரைக்கும் கல்லின் பக்கத்தில் வசம்பு, கடுக்காய், சாதிக்காய் ஆகியவற்றோடு மாசிக்காயும் இருப்பது வழக்கம். மலாய்க்காரர்கள் இதனை மஞ்சகானி என்று அழைக்கின்றனர். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கான ஜாமு மருந்துகளில் சேர்க்கின்றனர். இரு சமூகத்தாரும் பயன்படுத்தும் இப்பொருள், பெயரில் காய் என்றிருந்தாலும் உண்மையில் காய் அல்ல.

எந்த மரம்?

கருவாலி எனப்படும் ஓக் மர வகைகளுள் ஒன்றின் கிளையில் தோன்றும் முடிச்சே மாசிக்காய். அம்மரத்தின் அறிவியல் பெயர் குவெர்கஸ் இன்ஃபெக்டோரியா. கிரீஸ், துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளில் புதராகவோ சிறு மரமாகவோ வளர்கிறது. குளிர்காலத்திலும் நெடுநாள் இலை உதிர்க்காமல் நிற்கக்கூடியது.

மலேசிய மலைக்காடுகளிலும் என்றும் பசுமையான ஓக் வகை மரங்கள் உண்டு. மலாயில் அவற்றுக்கு மெம்பெனிங் என்று பெயர். ஆனால், கடைகளில் விற்கும் மாசிக்காய் அவற்றிலிருந்து கிடைப்பதில்லை, வெளிநாட்டிலிருந்தே வருகிறது.

முடிச்சு எப்படி உருவாகிறது?

ஒரு வகைச் சிறு குளவி இம்மரத்தின் இளங்கிளையில் முட்டையிடுகிறது. அதனால் மரத்தின் திசு புடைத்து, உருண்டையாகிறது. உள்ளே வளரும் புழு, குளவியாக மாறியதும் ஓட்டையிட்டு வெளியேறுகிறது. ஓட்டை விழுவதற்கு முன் பறித்தவை கனமாகவும் கருநீலம் கலந்த நிறத்திலும் இருக்கும், துவர்ப்பும் அதிகம். ஓட்டை விழுந்தவை வெளிறி, எடை குறைந்திருக்கும்.

துவர்ப்பின் பயன்

மாசிக்காயின் எடையில் பாதிக்கு மேல் டானின் எனும் துவர்ப்புப் பொருளாக இருக்கக்கூடும். தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் இது பயன்பட்டது. மாசிக்காய்ச் சாற்றோடு அன்னபேதி உப்பையும் பிசினையும் கலந்து தயாரித்த கறுப்பு மையில்தான் ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகள் எழுதினர். சித்த மருத்துவத்தில் வாய்ப்புண், ஈறு நோய், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு மாசிக்காய் சேர்க்கப்படுகிறது.

தாய்மார்கள் கவனத்திற்கு

அன்னபேதி என்பது இரும்புச் சத்துள்ள உப்பு. டானின் இரும்போடு இணைவதால்தான் மை கறுக்கிறது. வயிற்றுக்குள்ளும் டானின் இரும்போடு இணையும். உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். பிரசவத்தில் இரத்தம் இழந்து, இரும்பு மாத்திரை சாப்பிட்டுவரும் தாய்க்கு இது நல்லதல்ல. மலச்சிக்கலும் ஏற்படலாம். பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மருந்தாக இதைப் பயன்படுத்தினால் வறட்சியும் எரிச்சலும் உண்டாகலாம்; பிரசவப் புண் ஆறாத நிலையில் கிருமித் தொற்று அபாயமும் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை உட்கொள்ளக்கூடாது.

கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உரைகல்லும் விரலும் சுத்தமாக இல்லாவிட்டால், நாக்கில் தடவும் மருந்தே வயிற்றுப்போக்கைத் தரலாம். குழந்தையின் நாக்கில் துடைத்தும் போகாத வெண்படலம் இருந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கிளினிக்கில் காட்டுவது நல்லது.

ஓக் மரத்தின் இளந்தழையையும் கொட்டைகளையும் அதிகம் மேயும் ஆடுமாடுகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் டானினால்தான்.

வாங்கும்போது

மாத்திரையாகவோ கேப்சூலாகவோ வாங்குவோர், பெட்டியில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் மலேசியப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, வீட்டில் சாப்பிட்டுவரும் மாசிக்காய், ஜாமு பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.