ரெலிபோன் பொத்தானில் ஓடிய பூதம்

வழமையாக இந்தப் பக்கத்தில் வரிப்படிவம், ஓய்வூதியம், சிறுகடைக்காரரின் கணக்குப் புத்தகம் என்று எழுதுகிறவன் இம்முறை ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். வானொலியில் ஒரு நாள் பேச்சுவாக்கில் ‘ஹூகோ’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அன்று மாலையே நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர் பலர் அழைத்து, “அண்ணை, ஹூகோவைப் பற்றி முழுதாக ஒரு நாள் கதையுங்கோ” என்றார்கள். தாயகத்தைப் பற்றிக் கதைத்தால்கூட இத்தனை அழைப்பு வருவதில்லை என்பதை ஒரு சின்ன மனக்குறையோடு இங்கே பதிந்துவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

டென்மார்க்கில் 1988 ஒக்டோபர் 1 வரைக்கும் நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குத்தான் ஓடென்ச நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ரி.வி. 2 ஒளிபரப்பைத் தொடங்கியது. புதிதாக வந்தவர்கள் புதிதாக எதையாவது செய்ய வேண்டும் அல்லவா? ‘எலவேடோரன்’ என்ற நிகழ்ச்சியில் வீட்டில் இருக்கும் பிள்ளை தொலைபேசியில் அழைத்து, திரையில் ஓடும் விளையாட்டைத் தானே விளையாடலாம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் ஓஸ்வால்ட் என்ற வெண்கரடி. 1990 இல் அதன் இடத்துக்கு வந்தவன்தான் ஹூகோ. இவான் சோல்வசன் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பாத்திரம்.

துறோல் என்றால் இந்த நாட்டுக் கதைகளில் காட்டிலும் மலையிலும் வாழும் பூதம். ஏறக்குறைய எங்கள் ஊர்க் குறளி மாதிரி. ஹூகோ ஒற்றைப் பல் தெரியச் சிரிக்கும் குள்ளப் பூதம். அவனுடைய மனைவி ஹூகோலினே, பிள்ளைகள் றிற், றூற், றாற். சூனியக்காரி அவ்ஸ்கூலியா இந்த நால்வரையும் பிடித்து அடைத்து வைக்கிறாள், ஹூகோ போய் மீட்க வேண்டும். அவ்வளவுதான் கதை. ‘அவ்ஸ்கு’ என்றால் டெனிஷில் அருவருப்பு. அந்தச் சொல்லை வகுப்பறையில் அல்ல, இந்தச் சூனியக்காரியிடம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இதில் எங்கள் ஆட்களுக்கு இருந்த விசேடத்தைச் சொல்லாமல் போக முடியாது. எண்பதுகளின் நடுவில் இங்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள். 1987 செப்டெம்பரில் அப்போதைய நீதி அமைச்சர் எறிக் நின்-ஹான்சன், தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி தன் அதிகாரிகளுக்குச் சொன்னார். சட்டப்படி அந்த உரிமை எங்களுக்கு இருந்தது. கோப்புகள் 1989 வரைக்கும் கிடந்தன. அதுதான் பிறகு ‘தமிழர் வழக்கு’ என்று பெயர் பெற்று, 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் சுலூற்றரின் அரசையே வீழ்த்தியது. நின்-ஹான்சனுக்கு 1995 இல் உயர் அரச நீதிமன்றம் நான்கு மாத நிபந்தனைச் சிறைத்தண்டனை விதித்தது. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த கதை. அதன் ஒரு விளைவு, தேங்கிக் கிடந்த பிள்ளைகள் பலர் 1989 இலும் 1990 இலும் ஒன்றாக வந்து இறங்கினார்கள் என்பது. அவர்கள் வந்து மொழி தெரியாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்த நேரத்தில்தான் ஹூகோ ஓடத் தொடங்கினான்.

நானும் தம்பியும் அம்மாவோடு 1989 கடைசியில் வந்தோம். எனக்கு 16 வயது, தம்பிக்கு 9. அப்பா ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தம்பிக்கு ஐந்து. இங்கே விமான நிலையத்தில் நின்ற மனிதரை ‘அப்பா’ என்று கூப்பிட அவனுக்குச் சில மாதங்கள் சென்றன. ‘அவர்’ என்றுதான் அம்மாவிடம் சொல்லுவான்.

எங்கள் வீட்டில் இருந்தது எண்களைச் சுழற்றுகிற பழைய தொலைபேசி. அதில் ஹூகோவை ஓட்ட முடியாது. ஏன் என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை. சுழற்றுகிற தொலைபேசி இணைப்பைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எண்ணைத் தெரிவிக்கும். பொத்தான் தொலைபேசியோ ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்பும். உதாரணமாக 5 ஐ அழுத்தினால் 770 ஹேர்ட்ஸ் ஒன்றும் 1336 ஹேர்ட்ஸ் ஒன்றுமாக இரண்டு சுருதி சேர்ந்து போகும். நிலையத்தில் இருந்த அமீகா கணினிகள் அந்தச் சுருதியைக் கேட்டு, எந்தப் பொத்தான் என்று கண்டுபிடித்து, ஹூகோவை இடமோ வலமோ திருப்பின. விளையாடுகிற பிள்ளை தன் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்து அடுத்த பொத்தானை அழுத்தும். நாடு முழுக்க மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹூகோவுக்குக் குரல் கொடுத்தவர் 2011 இல் காலமான நடிகர் யெஸ்பர் கிளைன். பிள்ளை தடுமாறினால் கண்ணாடியில் தட்டுவதுபோலத் திரையில் தட்டிக் கூப்பிடுவான் ஹூகோ.

சில மாதம் கழித்து அப்பா ஒரு பொத்தான் தொலைபேசி வாங்கிக்கொண்டு வந்தார். “கொழும்புக்கு எடுக்க இதுதான் சுகம்” என்றார். தம்பியைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்துச் சொன்னார். தம்பிக்கு ஒரு நாளும் நிகழ்ச்சியில் இணைப்புக் கிடைக்கவில்லை. அதைப்பற்றி அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஹூகோ ஓடும்போது வேறு பிள்ளை விளையாடும் விளையாட்டுக்கு இவன் எங்கள் தொலைபேசியில் பொத்தான்களை அழுத்துவான். அழைப்பே இல்லை, வெறும் கருவி. அப்பா குசினியில் இருந்து சத்தம் போடுவார்: “வையடா ரெலிபோனை, காசு ஏறுது!” இவன் திரும்பிப் பார்த்து, “ஏறாது அப்பா, சும்மாதான்!” என்பான். அவன் அவரை நேரே அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். ஹூகோவின் விளையாட்டுகள் ஏன் அப்படி இருந்தன என்பதற்கு விடை தொலைபேசிக் கம்பியில் இருக்கிறது. தண்டவாளம் மாறி எதிரே வரும் ரயிலைத் தவிர்ப்பது, பனியில் சறுக்கும்போது இடம் வலம் விலகுவது, காட்டில் ஓடித் தாவுவது என எல்லாமே ஒரு நேரத்தில் ஒரு முடிவு. பொத்தான் ஒன்று, பதில் ஒன்று. மெதுவாகத் திரும்பு, கொஞ்சம் சரி என்பதெல்லாம் அந்தச் சுருதிக்குத் தெரியாது. ஆகவே ஹூகோவுக்கு எப்போதும் பாதை போட்டே வைத்திருந்தார்கள். ஒரு கரையில் இருந்து பார்க்கும் தட்டையான காட்சி, அல்லது எங்களை நோக்கி வரும் இரண்டு மூன்று தடங்கள். ஏழை வீட்டுச் சமையல்போல, இருந்ததை வைத்து ருசியாகச் செய்தார்கள்.

அந்த விளையாட்டுகள் வட்டிலும் பிறகு இறுவட்டிலும் கடைகளுக்கு வந்தன. நிகழ்ச்சியும் நாடு கடந்தது. பிரான்சில் பிரான்ஸ் 3, ஜேர்மனியில் கபெல் 1, ஆர்ஜென்டினாவில் மேஜிக் கிட்ஸ் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஹூகோ அந்தந்த மொழி பேசினான். பாரிசில் இருந்தும் டோர்ட்முண்டில் இருந்தும் விடுமுறைக்கு வந்த எங்கள் மச்சான்மார் மச்சாள்மாருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கதைக்க ஒரு பூதம் இருந்தது. தமிழில் கதைக்கத் தொடங்கி, ஹூகோ வந்தவுடன் ஆளுக்கொரு மொழியில் சத்தம் போடுவார்கள்.

இதற்கிடையில் உலகம் மாறிவிட்டது. மேடை விட்டு மேடை தாவும் விளையாட்டுகளின் முடிசூடா மன்னன் நின்ரென்டோவின் மரியோ. 1996 இல் ‘சுப்பர் மரியோ 64’ வந்தது. அதுவரைக்கும் மரியோ கடுதாசியில் வெட்டிய பொம்மைபோல இடமிருந்து வலம் ஓடினான். இப்போது எந்தப் பக்கமும் திரும்பி ஓடினான். கேட்க இலகு, செய்யப் பெரும் பாடு. தட்டைக் காட்சியில் மேடை எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குத் தெரியும். முப்பரிமாணத்தில் தூரம் ஏமாற்றும். அதற்காக மரியோவின் காலுக்கு நேர் கீழே எப்போதும் ஒரு நிழல் விழுத்தினார்கள். எங்கே விழப்போகிறான் என்பதை நிழல் சொல்லும். இரண்டாவது சிக்கல், எங்கே இருந்து பார்ப்பது? முகிலில் மிதந்து படம் பிடிக்கும் ஒரு பாத்திரத்தையே வைத்து, பார்வையைத் திருப்புகிற வேலையை விளையாடுபவரிடம் கொடுத்தார்கள். மூன்றாவது, மெதுவாகவும் வேகமாகவும் நடக்க வைக்கும் குட்டி நெம்புகோல் கைப்பிடியிலேயே இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தத் தாவல்.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. அதே 1996 இல் பிளேஸ்ரேசனுக்கு வந்த ‘கிறாஷ் பண்டிகூட்’, பாதையை ஒடுக்கமான நடைகூடமாக்கி, உள்ளே நோக்கி ஓடவிட்டுச் சமாளித்தது. சேகா நிறுவனத்தின் சோனிக் முயன்ற முதல் பெரிய முப்பரிமாண விளையாட்டு இடையிலேயே கைவிடப்பட்டு, 1998 கடைசியில்தான் ‘சோனிக் அட்வெஞ்சர்’ வந்தது. பிரான்சின் றேமன் 1999 இல் அழகாகத் தாண்டினான். கடைத் தட்டுகள் முழுக்க இப்படி நிறைந்த பிறகு, தட்டையான பூதத்தை எந்தப் பிள்ளை கேட்கும்?

ஹூகோவின் நிறுவனமான ஐ.ரி.ஈ. 1998 இல் பிளேஸ்ரேசனுக்குக் கொடுத்தது பழைய தொலைக்காட்சி விளையாட்டுகளைத்தான், மெருகு ஏற்றி. உண்மையான தாவல் 2000 இல், ‘சூரியக் கற்களைத் தேடி’ என்று பொருள்படும் விளையாட்டில். 2003 இல் ‘புக்காசூம்’ என்ற வண்டிப் பந்தயம், 2005 இல் ‘ஏஜென்ட் ஹூகோ’. கடைசியாகச் சொன்னதில் ஹூகோ ஜேம்ஸ் பொண்ட் பாணியில் ஒற்றனாகிவிட்டான்.

கணக்காளன் கண்ணால் பார்த்தால் இதன் சிரமம் தெரியும். தட்டைக் காட்சியில் ஒரு மரத்தை ஒரு பக்கம் வரைந்தால் போதும். முப்பரிமாணத்தில் பிள்ளை மரத்தைச் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தையும் பார்க்கும். ஆள், காலம், செலவு எல்லாம் கூடும். அன்றைய டென்மார்க்கின் சனத்தொகையோ ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேல். நின்ரென்டோவுக்கு இருந்த பணப்பெட்டி இவர்களுக்கு இருந்திருக்க முடியாது. ஆனாலும் பணம் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஏஜென்ட் ஹூகோவை நானும் விளையாடிப் பார்த்தேன். அதில் நடந்துகொண்டிருந்தவன் யாரோ. காட்டையும் சூனியக்காரியையும் விட்டுவிட்டால் அவன் பூதமே இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, அவன் எங்கும் போகலாம் என்றானபோது திரையைத் தட்டி எங்களைக் கூப்பிடத் தேவை இல்லாமல் போனது. மரியோ தொடக்கத்தில் இருந்தே கைப்பிடியில் பிறந்தவன். கைப்பிடி வளர அவனும் வளர்ந்தான். ஹூகோ தொலைபேசியில் பிறந்தவன். அவனுடைய விளையாட்டில் பாதி, மறுமுனையில் மூச்சுவிட்டுக்கொண்டு நின்ற ஏதோ ஒரு பிள்ளை. அதை இறுவட்டில் அடைத்து விற்க முடியவில்லை. இது என் அபிப்பிராயம். புக்காசூமில் வளர்ந்த பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

பிறகு நிறுவனங்கள் கை மாறின. 2012 இல் கைத்தொலைபேசிக்கு ‘ஹூகோ துறோல் ரேஸ்’ வந்தது. முப்பரிமாணக் காட்சிதான், குறையில்லை. ஆனால் ஹூகோ மீண்டும் தண்டவாளத்தில். விரலால் இடப்பக்கம் தள்ளினால் இடத் தடம், வலப்பக்கம் தள்ளினால் வலத் தடம். இருபது வருடத்துக்கு முன் தம்பி அழுத்திய அதே இரண்டு முடிவுகள். சுற்றிவர ஓடவிட்ட உலகத்தை மூடிவிட்டு, அவனைத் திரும்பவும் பாதையில் ஏற்றியபோதுதான் எனக்கு அவன் ஹூகோவாகத் தெரிந்தான்.

அடுத்த வருட நத்தார் விடுமுறைக்கு எல்லோரும் அப்பா வீட்டில் கூடியிருந்தோம். தம்பியின் மகள் சோபாவில் சுருண்டு கிடந்து கைத்தொலைபேசியில் ஹூகோவை ஓட்டிக்கொண்டிருந்தாள். தம்பி பின்னால் நின்று, “இடம், இடம்! இப்ப வலம்!” என்று கத்திக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அப்போது எழுபது கடந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பேத்தியின் கையை எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, இதுக்குக் காசு ஏறாதோ?”

“ஏறாது அப்பா, சும்மாதான்” என்றான் தம்பி.