ஜாங்கோ பாடத்தின் முதல் ஒரு மணி நேரம்: தொடக்கநிலை ஆவணங்களைத் திருத்தும் முறை குறித்து

ஜாங்கோ என்ற வலை ஃபிரேம்வொர்க்கின் ஆவணங்கள் திறமூல உலகில் முன்மாதிரியாகப் பேசப்படுபவை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழ் அலுவலகத்தில், 2003-இல் ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் எழுதத் தொடங்கி 2005 ஜூலையில் பொதுவில் வெளியான மென்பொருள் அது. செய்தியறையில் பிறந்ததாலோ என்னவோ, எழுத்துக்கு அங்கே தொடக்கத்திலிருந்தே மரியாதை உண்டு. சோதனையும் ஆவணமும் கூடவே வராத புதிய வசதியை அந்தத் திட்டம் ஏற்பதில்லை. அத்தகைய ஆவணமே எலவனாசூர்கோட்டையிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியை முதல் ஒரு மணி நேரத்தில் கைவிட்டுவிடக்கூடும் என்பதும், இதற்கு மொழிபெயர்ப்பு முதல் மருந்து ஆகாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அந்த மாணவி யார் என்பதைக் கற்பனைக்கு விடவேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டை – சேலம் சாலையில் இருக்கிற எலவனாசூர்கோட்டை, 2019 நவம்பர் 26 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்த ஊர். இங்கே தமிழ்வழியில் கணினி அறிவியல் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர் என்ன படித்திருக்கிறார் என்பதைத் தமிழ்நாடு அரசின் பாடநூலே சொல்கிறது. 2019-20 கல்வியாண்டிலிருந்து அந்நூலின் மொழி பைதான். மாறிகள், செயற்கூறுகள், பட்டியல்கள், இனக்குழுக்கள் எல்லாம் அதில் உண்டு. தரவுத்தளக் கருத்துருக்கள் உண்டு. பைதானிலிருந்து எஸ்கியூலைட் தரவுத்தளத்தைத் திறந்து வினவல் எழுதும் பாடமும் உண்டு. ஜாங்கோ தானாகவே எடுத்துக்கொள்ளும் தரவுத்தளமும் அதே எஸ்கியூலைட்தான். பக்கத்து வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் படித்தவருக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும், அடுத்த ஆண்டில் பிஎச்பியும் அறிமுகம். ஆகவே, "கிராமத்து மாணவர், அடிப்படையே தெரியாது" என்று சொல்லி ஒதுங்குவது வசதியான பொய். ஜாங்கோவுக்குத் தேவையான கருத்துகளில் பெரும்பாலானவற்றைத் தமிழில் தேர்வெழுதித் தேறியவர்கள் இவர்கள்.

அப்படியென்றால் எங்கே இடறுகிறார்கள்?

பாடநூலின் பைதான் பெரும்பாலும், பைதானோடு சேர்ந்தே வரும் ஐடில் என்ற நிரல் எழுதும் சாளரத்துக்குள் நடக்கிறது. நிரலை எழுது, சேமி, எஃப்5 அழுத்து, விடை வரும். கட்டளைச் சாளரம், சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைதான் வழியாக இயக்கும் பாடத்தில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஜாங்கோவின் பாடமோ முழுக்கக் கட்டளைச் சாளரத்தில் தொடங்குகிறது. ஐடிலுக்குப் பழகிய கை, ஜாங்கோவின் சோதனை வழங்கியைத் தொடங்கும் 'பைதான் மேனேஜ்.பை ரன்சர்வர்' என்ற வரியை ஐடிலின் '>>>' குறிகளுக்கு எதிரே தட்டும். தொடரியல் பிழை என்று பதில் வரும். சரி, கோப்பைத் திறந்து எஃப்5 அழுத்துவோம் என்று பார்த்தால், துணைக்கட்டளைகளின் நீண்ட பட்டியல் ஒன்று ஓடிவிட்டு நிற்கும். ரன்சர்வர் என்ற சொல் நிரலுக்குள் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் காரணம். எழுத்துப் பிழையும் இல்லை, புரியாத கருத்தும் இல்லை. கட்டளையை எந்தச் சாளரத்தில் தட்டுவது என்ற ஒன்றே தெரியவில்லை. இதை ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொல்லவேண்டும் என்று கட்டளைச் சாளரத்தில் இருபது ஆண்டு வாழ்ந்த ஒருவருக்குத் தோன்றாது.

நிறுவும் கட்டம் இதைவிடக் கடினம். பாடத்தின் முதல் பகுதி, ஜாங்கோ ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. நிறுவும் வழி வேறு பக்கங்களில் இருக்கிறது. விண்டோஸ் கணினியில், ஒரு திட்டத்துக்கான பைதான் தொகுப்புகளைத் தனியே வைக்கும் மெய்நிகர் சூழலை உருவாக்கி, அதை இயக்கும் ஸ்கிரிப்டை விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஓட்டினால், ஸ்கிரிப்டுகளை இயக்க இந்தக் கணினியில் அனுமதி இல்லை என்று அது மறுக்கும். விண்டோஸின் இயல்பான பாதுகாப்புக் கொள்கை அப்படி. உபுண்டு என்றால் வேறு கதை. 2023 முதல் டெபியனும் உபுண்டுவும், கணினியின் சொந்தப் பைதானுக்குள், பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மூலம் எதையும் நேரடியாக நிறுவ விடுவதில்லை. சரி, மெய்நிகர் சூழல் அமைக்கலாம் என்று போனால் அதற்கான தொகுப்பைத் தனியாக நிறுவவேண்டும். தனியாக நிறுவ நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் கடவுச்சொல் மாணவர் கையில் எப்படி இருக்கும்?

இந்த இடத்தில் ஜாங்கோ கேர்ள்ஸ் பாடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். 2014 ஜூலையில் பெர்லினில் நடந்த யூரோபைதான் மாநாட்டையொட்டி ஓலா சிடார்ஸ்காவும் ஓலா செண்டெட்ஸ்காவும் நடத்திய பயிலரங்கிலிருந்து வளர்ந்த பாடம் அது. இணையம் எப்படி இயங்குகிறது, கட்டளைச் சாளரம் என்றால் என்ன என்பவற்றைச் சொன்ன பிறகே ஜாங்கோவுக்கு வருகிறது. பவர்ஷெல் மறுக்கும் இடமும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மாணவியின் திரையில் அந்தப் பிழை வந்ததைப் பார்த்தவர்கள் எழுதியது என்பது படித்தவுடன் தெரிகிறது. ஆனால் அது சொல்லும் தீர்வு, பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திற என்பது. சொந்த மடிக்கணினிக்கு அது சரி. பொது ஆய்வகத்துக்கு உதவாது. நடப்புப் பயனருக்கு மட்டும் அனுமதியை மாற்றலாம். அல்லது சூழலை இயக்காமலேயே, அதன் அடைவுக்குள் இருக்கும் பைதானை நேரடியாக அழைக்கலாம். இரண்டுக்கும் நிர்வாகி வேண்டாம். ஆக, பெர்லின் மேசையில் கண்டெடுத்த தீர்வைக் கள்ளக்குறிச்சி ஆய்வக மேசையில் மறுபடி சோதித்தாகவேண்டும். ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் இந்தச் சோதனையைச் செய்யமாட்டார். அது அவர் வேலையாகக் கருதப்படுவதும் இல்லை.

அதிகாரப்பூர்வப் பாடத்திலும் இப்படிப்பட்ட மேசையனுபவத்தின் தடயங்கள் உண்டு. முதன்முறை ரன்சர்வர் ஓடும்போது 18 மைக்ரேஷன்கள் (தரவுத்தள அமைப்பு மாற்றங்கள்) பாக்கி என்று ஓர் எச்சரிக்கை வரும். இப்போதைக்கு அதைக் கண்டுகொள்ளாதே என்று பாடம் அங்கேயே சொல்கிறது. முதல் வியூவை எழுதிய பிறகு 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தால், முகவரியின் கடைசியில், பாடத்தில் கட்டும் வாக்கெடுப்புச் செயலியின் பெயரான 'போல்ஸ்' என்பதைச் சேர்த்தாயா என்று பார்க்கச் சொல்லும் சிறு குறிப்பு இன்னொன்று. வேர்முகவரிக்குப் போய் 404 வாங்கி விழிப்பவர்களுக்குத்தான் அந்தக் குறிப்பு பயன்படுகிறது. என் கணிப்பில், எட்டுப் பகுதி கொண்ட அந்தப் பாடத்தின் மிக மதிப்புள்ள வரிகள் இவைதான்.

ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வகத்தில் 1980-களில் ஜான் கேரல் கண்டதும் இதுவே. அலுவலகக் கணினியைப் புதிதாகக் கற்பவர்கள் கையேட்டை வரிசையாகப் படிப்பதில்லை. நேரே வேலையில் இறங்கி, தவறி, தவறிய இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். விளக்கத்தைக் குறைத்து, பிழையை அடையாளம் கண்டு மீளும் வழியைக் கூட்டும் கையேடுதான் அவர்களுக்கு உதவியது. 1990-இல் வந்த அவருடைய 'நூர்ன்பெர்க் ஃபனல்' நூல் இதை விரிவாகப் பேசுகிறது. பிற்காலத்தில் டேனியேலே ப்ரோசிடா ஆவணங்களைப் பாடம், செய்முறை, குறிப்புதவி, விளக்கம் என நான்காகப் பிரித்தது புகழ்பெற்றது. ஜாங்கோ ஆவணங்களும் அவ்வாறே பகுக்கப்பட்டிருக்கின்றன. பயனுள்ள பகுப்பு. ஆனால் தன் பிழை எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் பெட்டிகள் உதவும். பவர்ஷெல்லில் சிக்கியவருக்கு அது ஜாங்கோவின் பிழையா, விண்டோஸின் பிழையா என்பதே தெரியாது.

இனி மொழிபெயர்ப்பு. ஜாங்கோவின் அமைப்புக் கோப்பில் மொழிகளின் பட்டியலில் தமிழ் பல ஆண்டுகளாக இருக்கிறது; நிர்வாகப் பக்கத்தின் பல சொற்கள் தமிழில் வரும். ஆவணங்களோ பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், இந்தோனேசியம் முதலிய சில மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. இதைப் பார்த்ததும் மொத்தத்தையும் தமிழாக்கிவிடலாம் என்ற ஆசை வருவது இயல்பு; லினக்ஸ் மேசைத்தளங்களான கேடிஇ, நோம் ஆகியவற்றின் இடைமுகங்களைத் தமிழாக்கிய தலைமுறையிடமிருந்து நமக்கு வந்த ஆசை அது. ஆனால் இடைமுகச் சொல் போல ஆவணம் அசையாமல் நிற்பதில்லை. ஜாங்கோவின் புதிய பதிப்பு ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒன்று வருகிறது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் ஆவணங்களைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோகும் முயற்சி 2019-இல் பெரிதாக அறிவிக்கப்பட்டது. தமிழும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023 மார்ச்சில் ரியாக்ட் தன் ஆவணத் தளத்தையே புதிதாக எழுதி, பழையதை மரபுப் பக்கமாக ஒதுக்கிவிட்டது. அதுவரை உழைத்தவர்களின் பக்கங்கள் பழைய தளத்தோடு போயின. ஆட்பலம் குறைந்த மொழி தன் சக்தியை ஆயிரம் பக்கத்தில் பரப்பக்கூடாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

உதாரணங்களை உள்ளூராக்குவது பற்றியும் ஒரு சொல். பாடத்தின் வாக்கெடுப்புச் செயலிக்குப் பதிலாக உளுந்தூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் உளுந்து விலைப்பதிவேட்டை வைத்தால் மாணவருக்கு நெருக்கமாக இருக்கும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்வி ஒன்று, அதற்கான தெரிவுகள் பல என்ற உறவை விளக்க, ஓட்டுப்போடுவதைவிட எளிய உதாரணம் எந்த ஊராட்சியிலும் கிடையாது. அதை மாற்றுவதில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் தீர்மானம். உள்ளூர் என்பது உதாரணத்தில் இல்லை. கணினியிலும் அனுமதியிலும் இருக்கிறது.

தமிழில் காணொளிப் பாடங்கள் ஏராளமாக இருக்க ஆவணம் எதற்கு என்ற கேள்வியும் எழும். 2016-இல் எடுத்த ஜாங்கோ காணொளி எதையாவது பாருங்கள்: முகவரிகளை 'யூஆர்எல்' என்ற செயற்கூறால் எழுதியிருப்பார்கள். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு 'பாத்' என்பதைக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரின் 4.0 பதிப்பில் பழைய செயற்கூறு நீக்கப்பட்டது. அந்தக் காணொளியைப் பார்த்துத் தட்டுபவருக்கு இன்று இம்போர்ட் பிழைதான் மிஞ்சும். காணொளியில் ஒரு வரியை மட்டும் யாரும் திருத்த முடியாது.

எனவே நான் முன்வைப்பது சிறிய வேலை. தமிழில் ஒரே ஒரு பக்கம். ஐடிலை மூடிவிட்டுக் கட்டளைச் சாளரத்தைத் திறப்பதில் தொடங்கி, உலாவியில் ஜாங்கோவின் ராக்கெட் படம் தெரிவதோடு அது முடியவேண்டும். அதன்பின் ஆங்கிலப் பாடத்திடம் மாணவரை ஒப்படைத்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு நூலின் கலைச்சொற்களையே அது பயன்படுத்தவேண்டும். நிர்வாகி அனுமதி இல்லாத விண்டோஸ், உபுண்டு கணினிகளில் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஒருமுறை அதைத் தொடக்கநிலை மாணவர் ஒருவரை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும்; அவர் நின்ற இடமெல்லாம் பக்கத்தில் குறிப்பாக ஏறவேண்டும். இதைச் செய்யக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. ஊரகத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தரும் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு பக்கத்திலேயே இருக்கிறது. 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் மின்னிதழ், து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' போன்ற நூல்களை இலவசமாகத் தந்த அனுபவம் கொண்டது.

கள்ளக்குறிச்சி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளின் கணினித் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டப்பணியாக இன்னொரு நூலக மேலாண்மைச் செயலியைக் கேட்பதற்குப் பதிலாக, இத்தகைய சோதனைப் பதிவு ஒன்றையும், அதிலிருந்து மூல ஆவணத்துக்கு அனுப்பிய திருத்தம் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை போன்ற சிறு ஆவணத் திருத்தத்துக்கு ஜாங்கோ திட்டம் டிக்கெட்கூடக் கேட்பதில்லை. கிட்ஹப்பில் நேராக புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் போதும்.