முகவரியைக் குத்தகைக்குத் தரும் வாசல்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கு முன்னால் இருக்கிறது தர்மபுரம். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இடம்பெயர்ந்த மக்களால் அவ்வூர் நிரம்பி வழிந்தது. 2009 ஜனவரியில் அதுவும் வெறுமையாயிற்று. முகவரி என்பது ஓர் இரவுக்கு மட்டுமே நிலைத்த காலம் அது. இன்று அங்கே ஒரு பிள்ளை வைஃபையில் இணைந்த மறுகணமே, கேட்டு எழுதி வாங்காமல், கைபேசிக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. அந்த வசதிக்கும் ஒரு வரலாறு உண்டு.

பத்திரிகை அலுவலகங்களில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கிய காலத்தை நான் அறிவேன். ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரியைக் கையால் பதிய வேண்டும். பட்டியல் ஒருவரிடமே இருக்கும். ஒரே எண் இரண்டு கணினிகளுக்குப் போய்விட்டால் இரண்டும் தடுமாறும். பக்கம் அச்சுக்குப் போகாது.

இச்சிக்கலுக்கு 1984 இல் வந்த முதல் விடை ஆர்.ஏ.ஆர்.பி. அதன் அழைப்பு ஒரே வலைப்பகுதிக்குள் அடங்கிவிட்டதால், பகுதிக்கு ஒரு வழங்கி தேவைப்பட்டது. 1985 இல் பில் குரொஃப்ட், ஜோன் கில்மோர் ஆகியோர் வகுத்த பூட்பி, கோரிக்கையைத் தொலைவிலுள்ள வழங்கிக்குக் கடத்தும் பணியை நுழைவாயிலிடம் ஒப்படைத்தது. ஆயினும் யாருக்கு எந்த எண் என்பதை மனிதரே எழுதி வைக்கவேண்டியிருந்தது.

1993 ஒக்டோபரில், பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. வெளியாயிற்று. அப்போது வன்னியில் தேசிய மின்விநியோகமே இல்லை. அதன் பெரும் புதுமை தவணைதான். முகவரி குத்தகைக்குக் கொடுக்கப்படுகிறது. பாதித் தவணை கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். கேளாமலே தவணை முடிந்தால் எண் பொதுக் குவியலுக்குத் திரும்பி, வேறொருவருக்குப் போகலாம்.

புதிதாய் வரும் கணினிக்குத் தன் முகவரி தெரியாது. ஆகவே கோரிக்கை எந்த இடைமுகத்தின் வழியாக வந்ததோ, அந்த இடைமுகத்தின் முகவரியை நுழைவாயில் அதில் எழுதி அனுப்புகிறது. அதைப் பார்த்தே வழங்கி உரிய தொகுதியிலிருந்து எண் எடுக்கிறது. இதனால் ஒவ்வோர் உள் இடைமுகத்துக்கும் தனித்தனி எண் தொகுதி வகுக்க வேண்டும். வெளியுலகை நோக்கிய இடைமுகத்தில் இச்சேவையை இயக்கலாகாது. ஒரே அறையில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறியாமல் முகவரி கொடுத்தால், பழைய குழப்பமே திரும்பி வரும்.

இவ்வேற்பாட்டை நான் மதிக்கிறேன். வந்தவரிடம் ஊர் கேட்பதில்லை, சான்றிதழ் கேட்பதில்லை, இடமிருந்தால் கொடுத்துவிடுகிறது. ஆனால் இதன் நியாயம் வலையமைப்போடு நிற்கவேண்டும். மௌனமாயிருந்தவரின் எண்ணை அடுத்தவருக்குக் கொடுப்பது அங்கே சரி. காணியில் அது சரியாகாது. ஷெல்லுக்கு அஞ்சி ஓடி, ஆண்டுகள் கழிந்து, உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைந்து திரும்பிய ஒருவரிடம், "உன் தவணை முடிந்துவிட்டது" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.